பன்னிரண்டு லட்சம் கடன் வாங்கி இந்த எம்பிஏ படிக்கலாமா?

வாசகி கேள்வி: எனக்கு வயது 26. மெக்கானிக்கல் பி.இ. முடித்துவிட்டு ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கைக்கு 31,000 ரூபாய் வருகிறது. சப்ளை செயின் பக்கம், அதாவது கொள்முதல் முதல் விநியோகம் வரை பார்க்கும் வேலைக்கு, போக வேண்டும் என்று ஆசை. ஐஐஎம்கள் நடத்தும் கேட் தேர்வில் 71 பெர்சன்டைல்தான் வந்தது. சென்னைக்கு அருகே ஒரு தனியார் பிசினஸ் ஸ்கூலில் பிஜிடிஎம் (எம்பிஏ போன்ற மேலாண்மைப் பட்டயப் படிப்பு) இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுக் கட்டணம் 12.4 லட்சம். சராசரிச் சம்பளம் 9 லட்சம், அதிகபட்சம் 24 லட்சம், பிளேஸ்மென்ட் 95 சதவீதம் என்கிறார்கள். பத்து நாளுக்குள் 50,000 கட்டி இடத்தை உறுதி செய்ய வேண்டுமாம். அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். தர்மபுரியில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கத் தயாராக இருக்கிறார். என்னிடம் சேமிப்பு 3 லட்சம் இருக்கிறது. சேரலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இப்போது உங்கள் கையில் இருக்கும் தகவலை மட்டும் வைத்துச் சொன்னால், சேர வேண்டாம். எம்பிஏ உங்களுக்கு வேண்டாம் என்பது இதன் பொருள் இல்லை. நான்கு ஆண்டு தொழிற்சாலை அனுபவத்தோடு சப்ளை செயின் படிக்க நினைப்பது நல்ல திசை. ஆனால் இந்த நிறுவனம் உங்களை அந்த வேலையில் கொண்டுபோய் விடுமா என்பதற்கு, நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை. அந்த ஆதாரம் எங்கே கிடைக்கும், எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன். பத்து நாளில் அதைத் திரட்டிவிடலாம்.

முதலில் அந்த மூன்று எண்கள். பத்துப் பேர் படிக்கும் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 24 லட்சம், இருவருக்குத் தலா 12 லட்சம், மீதி ஏழு பேருக்குத் தலா 6 லட்சம். கூட்டினால் 90 லட்சம், பத்தால் வகுத்தால் சராசரி 9 லட்சம். உங்களுக்கு வந்த கையேட்டில் இருக்கும் அதே சராசரி, அதே அதிகபட்சம். ஆனால் அந்த வகுப்பில் 9 லட்சம் வாங்குபவர் ஒருவர்கூட இல்லை, பத்தில் ஏழு பேர் 6 லட்சத்தில் நிற்கிறார்கள். அதனால்தான் சராசரியை விட்டுவிட்டு மீடியனைக் கேட்க வேண்டும். எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகைதான் மீடியன். உங்கள் நிறுவனத்தில் நிலைமை இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. சராசரி, அதிகபட்சம் இரண்டை மட்டும் சொல்பவர்களிடம் இது எப்படியும் இருக்கலாம் என்கிறேன்.

95 சதவீதத்திலும் இதே சிக்கல் உண்டு. சதவீதத்தின் அடியில் இருக்கும் எண்ணிக்கை எது என்று கேளுங்கள். 180 பேர் படிக்கும் இடத்தில் வருகைப்பதிவு குறைந்தவர்கள், அரியர் வைத்திருப்பவர்கள், ‘சொந்தத் தொழில் செய்யப் போகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் என்று 40 பேரைக் கழித்துவிடுவார்கள். மீதி 140 பேரில் 133 பேருக்கு வேலை கிடைத்தால் அது 95 சதவீதம். மொத்த வகுப்பில் பார்த்தால் 74 சதவீதம்தான்.

மீடியனை எங்கே பார்ப்பது? மத்திய கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு படிவம் சமர்ப்பிக்க வேண்டும். தரவரிசையில் வந்தவர்களின் படிவம் அந்தத் தளத்திலேயே பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். பல நிறுவனங்களின் சொந்த இணையதளத்தின் அடிப்பகுதியிலும் ‘என்ஐஆர்எஃப்’ என்ற இணைப்பு இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் மீடியன் சம்பளம் எவ்வளவு என்று மூன்று ஆண்டுகளுக்கு அடுத்தடுத்த வரிசையில் அதில் தந்திருப்பார்கள். இது நிறுவனமே தரும் கணக்கு, ஓரிரு ஆண்டு பழையதாகவும் இருக்கும். ஆனாலும் அமைச்சகத்துக்குத் தந்த எண் என்பதால், வண்ணக் கையேட்டில் போடும் எண்ணைவிட இதற்கு மதிப்பு அதிகம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், ஏன் என்று பிளேஸ்மென்ட் அலுவலகத்திடம் கேளுங்கள். அவர்கள் தடுமாறினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேலை கிடைத்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட மீடியன் இது என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, 9 லட்சம் என்பது கைக்கு எவ்வளவு வரும்? அது சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை. அதில் 1.2 லட்சம் இலக்கை எட்டினால் மட்டும் வரும் பகுதி என்று வையுங்கள், இந்த அளவு சகஜம். அடிப்படைச் சம்பளம் பாதி என்றால் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 54,000, கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை சுமார் 21,600, காப்பீடு 15,000. இவை போக உங்கள் பிஎஃப் பங்கு இன்னொரு 54,000, தொழில் வரி 2,500. புதிய வருமான வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வரி இல்லை. மீதியைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 52,700 ரூபாய். இதே கணக்கில் 6 லட்சம் சிடிசி என்பது மாதம் 34,700 ரூபாய்க்குள் வந்துவிடும்.

இனி கடன். கட்டணம் 12.4 லட்சம், விடுதியும் சாப்பாடும் இரண்டு ஆண்டுக்கு 2.6 லட்சம் என்றால் செலவு 15 லட்சம். உங்கள் சேமிப்பு 3 லட்சம் போக 12 லட்சம் கடன். வட்டி 10.5 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு 6 லட்சம் வீதம் வங்கி கொடுக்கும். படிப்பு முடிந்து மேலும் ஓர் ஆண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் 6 லட்சத்துக்கு மூன்று ஆண்டு, அடுத்த 6 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு எனத் தனிவட்டியாகவே 3.15 லட்சம் சேர்ந்துவிடும். ஆக நீங்கள் கட்டத் தொடங்கும்போது கடன் 15.15 லட்சம். ஏழு ஆண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 25,500. பத்து ஆண்டாக நீட்டினால் சுமார் 20,400.

9 லட்சம் சிடிசி கிடைத்தால் தவணை போக உங்கள் கையில் 27,200 நிற்கும். 6 லட்சம் என்றால் 9,200. வாடகை பெங்களூரிலோ சென்னையிலோ கொடுக்க வேண்டியிருக்கும். இப்போதைய வேலையிலேயே இருந்து ஆண்டுக்கு 8 சதவீதம் உயர்வு கிடைத்தால்கூட மூன்றாண்டு கழித்து உங்கள் கைக்கு 39,000 வரும். படிக்கும் 24 மாதங்களில் கைவிடும் சம்பளம் 7.44 லட்சத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எம்பிஏ-வின் பலன் முதல் ஆண்டுச் சம்பளத்தில் முடிந்துவிடுவதில்லை. சரியான பிரிவில் நுழைந்தவருக்கு ஐந்தாறு ஆண்டில் திறக்கும் பதவிகள் பட்டம் இல்லாதவருக்கு எளிதில் திறப்பதில்லை. ஆகவே முதல் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் நுழையும் வேலை சரியானதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தவணை கைக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதே நான் சொல்லும் அளவுகோல். 25,500 தவணைக்குக் கைக்கு 76,500 வர வேண்டும், அதற்குச் சிடிசி 13 லட்சம் அளவில் இருக்க வேண்டும். 12 லட்சம் கடனில் படிக்கும் இடத்தின் மீடியன் அதற்குப் பக்கத்தில்கூட இல்லையென்றால், கடனைக் குறைக்க வேண்டும், இல்லையேல் இடத்தை மாற்ற வேண்டும்.

நுழையும் வேலை என்றேன். உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். பல இடங்களில் பிளேஸ்மென்ட் எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்துவது வங்கிக் கிளைகள், காப்பீடு, ஆன்லைன் கல்வி நிறுவனங்கள் ஆகியவற்றின் விற்பனை வேலைகள். அந்த வேலைகளில் குறை ஒன்றும் இல்லை, விற்பனையை விரும்பிச் செய்பவர்கள் அதில் நன்றாக வருகிறார்கள். ஆனால் கொள்முதல், திட்டமிடல், லாஜிஸ்டிக்ஸ் பக்கம் போக நினைக்கும் மெக்கானிக்கல் பொறியாளர் இரண்டு ஆண்டும் 15 லட்சமும் செலவழித்துவிட்டு டெபாசிட் சேகரிக்கும் வேலையில் சேர்ந்தால், நான்கு ஆண்டு அனுபவம் கணக்கில் வராமல் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க லிங்க்ட்இன் போதும். நிறுவனத்தின் பெயரைப் போட்டு, இரண்டு ஆண்டுக்கு முன் முடித்தவர்கள் என்று வடிகட்டுங்கள். அதில் மெக்கானிக்கல் அல்லது உற்பத்தி சார்ந்த பி.இ. படித்த பன்னிரண்டு பேரை எடுங்கள். முடித்ததும் எந்தப் பதவியில் சேர்ந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எட்டு பேருக்கு மேல் விற்பனையில் இருந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. ஐந்து பேருக்காவது செய்தி அனுப்புங்கள். ‘கல்லூரி எப்படி’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கும்’ என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: முதல் மாதம் வங்கிக் கணக்கில் எவ்வளவு விழுந்தது? உங்கள் வகுப்பில் எத்தனை பேர் ஆபரேஷன்ஸ் (உற்பத்தி, சப்ளை செயின் சார்ந்த) வேலைக்குப் போனார்கள்? கோடைப் பயிற்சியைக் கல்லூரி வாங்கிக் கொடுத்ததா, நீங்களே தேடினீர்களா? ஆபரேஷன்ஸ் பாடங்கள் எத்தனை உண்மையில் நடந்தன?

கடைசிக் கேள்வி ஏன் என்றால், கையேட்டில் ‘சப்ளை செயின் சிறப்புப் பாடம்’ என்று போட்டிருப்பார்கள். ஆனால் விருப்பப் பாடம் ஒன்று நடக்க 15, 20 பேராவது பதிவு செய்ய வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் விதி உண்டு. மார்க்கெட்டிங்கும் ஃபைனான்ஸும் படிக்கவே பெரும்பாலோர் வரும் இடத்தில் ஆபரேஷன்ஸ் பாடம் ஆள் சேராமல் ரத்தாகும், நீங்கள் வேறு ஒன்றில் உட்கார வேண்டியிருக்கும். போன ஆண்டு இரண்டாம் ஆண்டுக் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாடத்துக்குப் பக்கத்தில் ஆசிரியர் பெயரையும் பாருங்கள். அவர் நிரந்தர ஆசிரியரா, சனிக்கிழமை மட்டும் வந்து போகிறவரா? தொழில்நுட்ப, மேலாண்மைக் கல்வியை நெறிப்படுத்தும் ஏஐசிடிஇ அமைப்பின் விதிப்படி 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர். ஆண்டுக்கு 180 பேர் சேரும் இடம் என்றால், இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 18 முழுநேர ஆசிரியர்கள் இருக்க வேண்டும். இணையதளத்தில் இருக்கும் ஆசிரியர் பட்டியலை எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஒரு வார நாளில் நேரில் போய்விட்டு வாருங்கள். நுழைவாயில் அலங்காரமும் வரவேற்பறையும் எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும். கேன்டீனில் உட்கார்ந்து இரண்டாம் ஆண்டு மாணவிகளிடம் பேசுங்கள். அவர்களில் ஆபரேஷன்ஸ் எடுத்தவர்கள் எத்தனை பேர், தொழிற்சாலை அனுபவத்தோடு வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள் என்றால், வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களும் புதியவர்களுக்கான பதவியோடுதான் வரும். உங்கள் நான்கு ஆண்டுக்கு அங்கே விலை இருக்காது.

அங்கீகாரம் பற்றிச் சுருக்கமாக. எம்பிஏ பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும், அதன் இணைப்புக் கல்லூரியில் படித்தாலும் சரி. ஐஐஎம்கள் 2017 சட்டத்துக்குப் பிறகு பட்டம் தருகின்றன. தன்னாட்சி நிறுவனங்கள் தருவது பிஜிடிஎம், அதற்கு ஏஐசிடிஇ அனுமதி வேண்டும். அனுமதி உங்கள் பாடத்துக்கும் இந்தக் கல்வியாண்டுக்கும் இருக்கிறதா என்று ஏஐசிடிஇ தளத்தில் பாருங்கள். பின்னால் அரசு வேலையோ முனைவர் பட்டமோ யோசிப்பீர்களானால், பிஜிடிஎம்-ஐ எம்பிஏ-வுக்குச் சமமாக ஏஐயு (இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்) ஏற்றிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தனியார் நிறுவனங்கள் இந்த வேறுபாட்டைப் பெரிதாகப் பார்ப்பதில்லை.

அப்பாவின் வீட்டுப் பத்திரம். 7.5 லட்சம் வரை வங்கிகள் கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் அடமானம் இல்லாமல் கொடுக்கலாம். அதைத் தாண்டினால்தான் பொதுவாகப் பத்திரம் கேட்பார்கள். 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள நிறுவனங்களில் சேர்பவருக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சில வங்கிகள் தாங்களே தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களுக்குப் பெரிய தொகையைக்கூட அடமானமில்லாமல் தருகின்றன. அடமானம் இல்லாமல் இந்த இடத்துக்கு எவ்வளவு தருவீர்கள் என்று இரண்டு பொதுத்துறை வங்கிக் கிளைகளில் கேளுங்கள். எந்தக் கல்லூரி மாணவர் கடனைத் திருப்பிக் கட்டுகிறார் என்பது வங்கிக்குத் தெரியும். அவர்கள் தயங்கும் இடத்தில், ஓய்வூதியத்தில் வாழும் மனிதரின் ஒரே வீட்டை வைப்பதை நான் ஏற்க மாட்டேன். அப்பாவிடம் அன்போடு மறுத்துச் சொல்லுங்கள்.

சரி, இதை விட்டால் வேறு என்ன வழி?

தமிழகத்தில் எம்பிஏ சேர்க்கைக்கு நடக்கும் டான்செட் தேர்வை எழுதியிருந்தால் கலந்தாய்வுக்குப் போங்கள். அண்ணா பல்கலைக்கழக மேலாண்மைத் துறை போன்ற இடங்களில் கட்டணம் நீங்கள் சொல்லும் தொகையில் ஒரு சிறு பகுதிதான். மீடியன் 7 லட்சமாக இருந்தாலும் கடன் இல்லாமல் 7 லட்சம் என்பது, கடனோடு வரும் 9 லட்சத்தைவிட உங்கள் கையில் அதிகம் நிற்கும். ஆனால் இங்கேயும் அதே லிங்க்ட்இன் சோதனையைச் செய்யுங்கள். கலந்தாய்வில் கிடைக்கும் எல்லாக் கல்லூரியும் ஒன்றில்லை, பெயர் தெரியாத இடத்தில் குறைந்த கட்டணம் என்பதற்காக இரண்டு ஆண்டைக் கொடுத்துவிட வேண்டாம்.

என் விருப்பம் வேறு. இந்த ஆண்டு வேலையை விடாமல் நவம்பரில் கேட் தேர்வை மறுபடி எழுதுங்கள். ஆகஸ்டில் பதிவு தொடங்கும். உங்கள் மதிப்பெண் அட்டையில் மூன்று பிரிவுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். பொறியியல் படித்த நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் கணிதத்தில் தேறி ஆங்கில வாசிப்புப் பிரிவில்தான் கீழே விழுகிறார்கள். அப்படியென்றால் பயிற்சி மையத்தில் கணிதத்தையே திரும்பத் திரும்பப் போடுவதில் பயனில்லை. தினமும் ஒரு மணி நேரம் பொருளாதாரம், அறிவியல், வரலாறு என்று கடினமான ஆங்கிலக் கட்டுரைகளை வாசித்து, ஒவ்வொன்றின் வாதத்தையும் இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். செப்டம்பரிலிருந்து வாரம் ஒரு மாதிரித் தேர்வு, எழுதிய நேரத்தைவிட அதிக நேரம் தவறுகளை ஆராய.

பெண் விண்ணப்பதாரர்களுக்கும் பணி அனுபவத்துக்கும் பல ஐஐஎம்கள் தேர்வு முறையில் கூடுதல் மதிப்பெண் தருகின்றன. இரண்டும் உங்களிடம் உள்ளன. நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்றால், மாநிலச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி கிரீமிலேயர் அல்லாதோர் சான்று, நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் தேடி ஓடி இடத்தை இழப்பவர்கள் உண்டு, ஜூலையிலேயே வாங்கிவிடுங்கள். சப்ளை செயினுக்கு, முன்பு நிட்டி என்ற பெயரில் இருந்து 2023இல் ஐஐஎம் ஆன மும்பை ஐஐஎம் மிக நல்ல இடம், எட்டுவதும் கடினம். திருச்சி என்ஐடி மேலாண்மைத் துறை, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் இரண்டையும் பட்டியலில் வையுங்கள்.

இந்த ஓராண்டில் உங்கள் தொழிற்சாலையிலேயே கொள்முதல் அல்லது உற்பத்தித் திட்டமிடல் பிரிவுக்கு மாற்றம் கேளுங்கள். சப்ளையர் தரப் பிரிவுக்கு மாறினால்கூடப் போதும், தரக்கட்டுப்பாட்டிலிருந்து அது ஒரு எட்டுதான். மாற்றம் கிடைத்தால் நேர்காணலில் பேச உங்களிடம் சரக்கு இருக்கும். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் 15 லட்சம் செலவில்லாமல் தெரிந்துவிடும். பிடித்துப்போய், வேலையை விட மனம் வரவில்லை என்றால், பெங்களூர் ஐஐஎம் பணியில் இருப்பவர்களுக்கு வார இறுதியில் நடத்தும் பிஜிபிஇஎம் ஓசூரிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கிறது. அதன் கட்டணம் குறைவில்லை, ஆனால் சம்பளம் நிற்காது.

இன்னொன்று. ஐந்து ஆண்டு முடித்தால் உங்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு. அடிப்படைச் சம்பளம் 17,000 என்றால் அதை 26ஆல் வகுத்து, 15ஆலும் ஐந்தாலும் பெருக்கினால் சுமார் 49,000 ரூபாய். இப்போது ராஜினாமா செய்தால் அந்தத் தொகை கையை விட்டுப் போகும். அடுத்த ஆண்டு சேர்வதாக இருந்தால், நீங்கள் வேலையில் சேர்ந்த தேதியைப் பார்த்துவிட்டு விலகும் தேதியைக் குறியுங்கள்.

அந்த 50,000 பற்றி. ஏஐசிடிஇ விதிப்படி வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் கூடாது. நடைமுறையில் பணம் திரும்பி வர மாதக்கணக்கில் அலைய வேண்டிவரலாம். ஆகவே கட்டும் முன் இன்றைக்கே சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: கடந்த இரண்டு ஆண்டுகளில் மொத்தம் சேர்ந்தவர்கள், முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள் எத்தனை பேர்? நிலையான சம்பளத்தின் மீடியன் எவ்வளவு? ஆபரேஷன்ஸ் வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், எந்த நிறுவனங்களில், எந்தப் பதவியில்? வகுப்பு தொடங்கும் முன் விலகினால் எத்தனை நாளில் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்? தொலைபேசியில் அழைத்துப் பேசுவார்கள். எழுத்தில் வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். ஆபரேஷன்ஸ் வேலைக்குப் போனவர்கள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்து, மீடியனும் நான் சொன்ன கணக்குக்கு அருகில் இருந்தால் மறுபடி எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். பத்தாம் நாள் வரை எழுத்தில் பதில் வரவில்லை என்றால், பணம் கட்ட வேண்டாம்.